ஊசி குத்துங்கள், ஆனால் முதலில் சேணத்தைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சவாரிக் குதிரைகளின் வலிக்கு அக்குபஞ்சர் செய்வதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சவாரி கற்றுத்தருவதுதான் என் பிழைப்பு, அதனால் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. குதிரைக்கும் முதுகு வலிக்கும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதுவதே அபூர்வம், ஜெயித்த குதிரையைப் பற்றியும் தறிகெட்டு ஓடிய குதிரையைப் பற்றியும்தான் செய்தி வரும். இரண்டாவது முறை படித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. குதிரைக்கு வலியா, நாலு ஊசியைக் குத்து, மறுநாள் ஏறி உட்கார் என்பதுதான் படித்து முடிக்கிறவர் மனதில் நிற்கும். நடுவில் செய்ய வேண்டிய பெரிய காரியம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். இடமில்லை என்றால் சரித்திரத்தை வெட்டுங்கள், சேணத்தைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் எந்தக் கட்சி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்குபஞ்சர் ஏமாற்று வேலை என்று சொல்லுகிற ஆள் இல்லை நான். விவரம் தெரிந்த கால்நடை மருத்துவர் கையில் அது சில வலிகளுக்குப் பயன்படுகிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன், சோதனைகளிலும் ஓரளவு தெரிகிறது. என் சண்டை ஊசியோடு இல்லை. வலி எங்கிருந்து வருகிறது என்று தேடாமல் ஊசியைக் கூப்பிடுகிறார்களே, அதோடுதான். அப்படிச் செய்வது குதிரைக்குச் செய்கிற உதவி ஆகாது, அதன் மேல் ஏறி உட்காருகிறவருக்குச் செய்கிற உதவி.

குதிரையின் முதுகு ஆள் உட்காருவதற்காக உண்டானது இல்லை, நாமாகத்தான் அதில் இடம் பிடித்துக்கொண்டோம். கழுத்துக்குப் பின்னால் நெஞ்சுப் பகுதியில் 18 முள்ளெலும்புகள், ஒவ்வொன்றின் தலைமேலும் முள்போல மேலே நீண்ட ஒரு எலும்பு, இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற தசை. சேணம் உட்காருவது இந்தத் தசையின் மேல்தான். சேணத்துக்கு அடியில், முக்கியமாகப் பதின்மூன்றாவது முள்ளெலும்பிலிருந்து பதினெட்டாவது வரை, சில குதிரைகளுக்கு அந்த மேல் முட்கள் நெருங்கி ஒன்றோடொன்று இடிக்கும். 'கிஸ்ஸிங் ஸ்பைன்ஸ்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான், எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும். எக்ஸ்ரேயில் இருந்தும் வலியே இல்லாத குதிரைகளும் உண்டு, அதனால் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. வலியில் இருக்கிற குதிரையின் முதுகுத் தசை இறுகிவிடும், தொட்டாலே கட்டை மாதிரி இருக்கும், தசை இறுகினால் நடை குறுகும், குறுகிய நடையில் சவாரி செய்தால் இன்னும் இறுகும். இப்படியே சுற்றிக்கொண்டு போகும்.

இது வேட்டையாடப்படுகிற மிருகம், அதனால் வலியைக் காட்டிக்கொள்ளாது. காட்டிக்கொடுத்த குதிரையைத்தான் காட்டில் ஓநாய் பிடிக்கும். ஆனால் அது சொல்லவே இல்லை என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. சூ டைசன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டுகிற 24 நடத்தைகளை 2018-ல் ஒரு பட்டியலாக வெளியிட்டார்கள். காதை ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் மடித்துவைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை வேகமாக வீசி அடித்துக்கொண்டே இருப்பது, கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்பது, முன்கால் போன தடத்தில் பின்கால் போகாமல் ஒதுங்குவது, அடிக்கடி இடறுவது, முன்னே போக மறுப்பது, பாய்ச்சலில் கால் மாற்றிக்கொள்வது, இப்படிப் போகிறது அது. இந்த 24-ல் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை, மூட்டு இவற்றில் எங்கோ வலி இருப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு முன்பே 2014-ல் குதிரையின் முகத்தை மட்டும் பார்த்து வலியை மதிப்பிட ஒரு அளவுகோல் வந்துவிட்டது. விறைத்த காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேலே இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் மோவாயும், விடைத்த மூக்குத் துவாரம் என்று ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது அது.

இதையெல்லாம் சவாரிக் களத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? திமிர். பிடிவாதம். சோம்பேறி. பெண் குதிரையாக இருந்தால் மூட் சரியில்லை. வாலை வீசுகிறதா, சாட்டையை ஒரு தட்டு தட்டு. வாயைத் திறக்கிறதா, மூக்கைச் சுற்றி இன்னொரு பட்டையை இறுக்கிக் கட்டு. வாயில்லாப் பிராணி என்று சொல்லிக்கொண்டே அதற்கு இருக்கிற ஒரே வாயையும் கட்டிவிடுகிறோம்.

சரி, ஊசிக்கு வருகிறேன். பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் ஊசிகள் வருகின்றன, குதிரை வரவே இல்லை.

நல்ல மருத்துவர் வந்தவுடன் ஊசிப் பெட்டியைத் திறக்க மாட்டார். குதிரையை நடக்கவிட்டுப் பார்ப்பார், கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். அப்புறம்தான் முதுகுக்கு வருவார். பிடரி முடிகிற மேட்டிலிருந்து ஆரம்பித்து, நடு எலும்பிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, கட்டை விரலையோ ஊசியின் பிளாஸ்டிக் மூடியையோ வைத்துச் சீராக அழுத்திக்கொண்டே பிட்டம் வரை போவார். பாதி தூரம் வரை குதிரை வைக்கோலை மென்றுகொண்டு நிற்கும். திடீரென்று ஒரு இடத்தில் மெல்லுவது நிற்கும். ஒரு காது மட்டும் பின்னால் திரும்பும். விரலுக்கு அடியில் தசை துடிக்கும், சில குதிரைகள் முதுகை அப்படியே கீழே இறக்கிவிடும். மருத்துவர் ஒன்றும் பேசாமல் விரலை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்ப வருவார், மறுபடியும் காது திரும்புகிறதா என்று பார்க்க. எனக்கு அந்தச் சிகிச்சையிலேயே பிடித்த பகுதி இதுதான். குதிரையின் முதுகை இவ்வளவு பொறுமையாக, அங்குலம் அங்குலமாக வேறு யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஊசி பெரும்பாலும் துளை இல்லாத மெல்லிய கம்பிதான், மருந்து ஏற்றுகிற ஊசி மாதிரி இல்லை. ஈ உட்கார்ந்தாலே உதறுகிற தோல் அது, அதனால் குத்துகிற கணத்தில் ஒரு சிலிர்ப்பு வரும், சில குதிரைகள் பின்காலைத் தூக்கும், மருத்துவர் நிற்கிற இடத்தை வைத்தே அவருக்குக் குதிரை எவ்வளவு பழக்கம் என்று சொல்லிவிடலாம். முதுகின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சில ஊசிகள், இடுப்பு முடிந்து, வாலுக்கு முன்னால் இருக்கிற திரிக எலும்பு ஆரம்பிக்கிற பள்ளத்தில் ஒன்று, இந்தக் கடைசி இடத்துக்குச் சீன மரபில் 'பாய் ஹுய்' என்று பெயர். ஊசிகளோடு இருபது முப்பது நிமிடம் குதிரை நிற்கும். சிலர் ஊசிகளில் கம்பி மாட்டி மிகச் சிறிய அளவில் மின்சாரம் விடுவார்கள், தசை ஒரே தாளத்தில் துடிக்கும். பல குதிரைகள் கொஞ்ச நேரத்தில் தலையைத் தாழ்த்திவிடும், கீழுதடு தொங்கும், கண் பாதி மூடும், கொட்டாவி விடும். சில குதிரைகளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பிடிக்காத குதிரையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு, மேலுதட்டில் கயிறு முறுக்கி ஊசி போடுவதையும் பார்த்திருக்கிறேன். வலியைக் குறைக்க வந்த சிகிச்சைக்கு அது எந்த விதத்தில் பொருந்தும் என்று தெரியவில்லை.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உங்கள் கட்டுரை உயிர்சக்தி, அது உடம்பில் ஓடுகிற நாடிப் பாதை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. அந்த விளக்கத்தில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. குதிரைக்கு எழுதப்பட்ட பாதைகளில் பித்தப்பைப் பாதை என்று ஒன்று இருக்கிறது, குதிரைக்கோ பித்தப்பையே கிடையாது! மனித உடம்புக்கு வரைந்ததைக் குதிரை மேல் தூக்கிப் போட்டதால் வந்த வினை இது. நரம்பு வழியாகச் சொல்கிற விளக்கம் இதைவிடப் புத்திக்கு எட்டுகிறது. ஊசி, தோலிலும் தசையிலும் உள்ள நரம்பிழைகளைத் தூண்டுகிறது. தண்டுவடத்துக்குள் வருகிற ஒரு உணர்வு இன்னொரு உணர்வை உள்ளே விடாமல் தடுக்க முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-லேயே சொல்லிவிட்டார்கள். அதோடு உடம்பே சுரக்கிற வலிநிவாரணிகளான எண்டார்ஃபின்களும் வெளியே வருகின்றன. குதிரைகளிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள், 2002-ல் வெளியான ஒரு ஆய்வில் மின் அக்குபஞ்சர் செய்தபின் தண்டுவட நீரில் பீட்டா எண்டார்ஃபின் அளவு கூடியிருந்தது. ஆக ஊசி குத்தினால் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். அந்த ஏதோ, நொண்டுகிற குதிரைக்கு எவ்வளவு தூரம் போதும் என்பதுதான் கேள்வி.

சரித்திரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சீனாவில் குதிரை வைத்தியம் மிகப் பழையது, குதிரையைப் பார்த்தே தரம் சொல்கிற போ லே என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள், மிங் காலத்தில் 1608-ல் யூ குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் தொகுத்த குதிரை வைத்திய நூல் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஊசி வைத்தியம் என்றால் ரத்தம் எடுத்துவிடுவதும் சூடு வைப்பதும் சேர்ந்ததுதான். ஆயிரக்கணக்கான வருடப் பழக்கம் என்று கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். பழக்கம் பழையது என்றால் பலித்தது என்று ஆகிவிடாது, அந்தக் கணக்கில் சூட்டுக்கோலையும் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும். இன்று உலகம் முழுக்க நடக்கிற நவீன விலங்கு அக்குபஞ்சர் பெரிய அளவில் பரவியது 1970-களுக்குப் பிறகுதான், கால்நடை மருத்துவர்களுக்கான சர்வதேச அக்குபஞ்சர் சங்கம் தொடங்கியது 1974-ல்.

சோதனை முடிவுகளுக்கு வருவோம், இங்கேதான் உங்கள் கட்டுரை ஒரு கண்ணை மூடிக்கொண்டது. 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு, நாள்பட்ட முதுகுவலி உள்ள 15 குதிரைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தது. ஒரு கூட்டத்துக்கு மின் அக்குபஞ்சர், ஒன்றுக்கு பினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து, ஒன்றுக்கு வெறும் உப்புநீர். மூன்றாவது தடவை ஊசி போட்டபின் அக்குபஞ்சர் கூட்டத்தில் முதுகுவலி குறைந்தது, மருந்துக் கூட்டத்தில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. இந்த ஆய்வைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும், நல்ல ஆய்வுதான், ஆனால் 15 குதிரை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் 1989-ல் ஒரு சோதனை, குளம்பு அழற்சியும் குளம்புக்குள் இருக்கிற நாவிகுலர் எலும்பு நோயும் உள்ள, நாள்பட்ட நொண்டல் கொண்ட குதிரைகளுக்கு மின் அக்குபஞ்சர் செய்து பார்த்தது, செய்த குதிரைக்கும் செய்யாத குதிரைக்கும் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. 2002-ல் இன்னொன்று, சிறுகுடலின் தொடக்கத்தில் பலூனை ஊதி வயிற்றுவலியை உண்டாக்கிப் பார்த்தார்கள், அங்கேயும் ஊசியால் பிரயோஜனம் இல்லை. 2006-ல் விலங்குகளுக்கான அக்குபஞ்சர் சோதனைகளை எல்லாம் ஒன்றாக வைத்து அலசியவர்கள், இதைப் பரிந்துரைக்கவோ ஒதுக்கவோ போதுமான சான்று இல்லை, தோல் வலி, வயிற்றுப்போக்கு போன்ற சிலவற்றில் மட்டும் மேற்கொண்டு ஆராயத் தகுந்த அறிகுறி இருக்கிறது என்று முடித்தார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: முதுகுத் தசை இறுகி வருகிற வலிக்கு ஊசி கைகொடுக்கலாம், குளம்புக்குள் எலும்பு கெட்டுப் போனதற்கும் குடலுக்குள் நடப்பதற்கும் அதை நம்பி உட்காரக் கூடாது. இது என் அபிப்பிராயம்தான், நான் மருத்துவன் இல்லை. ஆனால் ஒரு செய்தித்தாள் கட்டுரை, நல்ல முடிவு வந்த சோதனையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

அப்புறம், குதிரைக்கு மனப்பிரமை வராது, அதற்கு நம்பிக்கையும் கிடையாது, ஆகவே குணமானால் ஊசியால்தான் குணமாகியிருக்க வேண்டும் என்று ஒரு வாதம் வருகிறது. கேட்பதற்கு மடக்க முடியாத மாதிரி இருக்கும். குதிரைக்கு நம்பிக்கை இல்லை, சரி, பக்கத்தில் நிற்கிற நமக்கு இருக்கிறதே! மூட்டுவலி நாய்களை வைத்து 2012-ல் வந்த ஒரு ஆய்வில், மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்த நாய்கள் தேறிவிட்டதாக வளர்ப்பவர்களில் பலர் சொன்னார்கள், பரிசோதித்த மருத்துவர்களிலும் பலர் அப்படியே நினைத்தார்கள், நாய் காலை ஊன்றுகிற விசையை அளந்த கருவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பணம் செலவழித்து மருத்துவரை வரவழைத்துவிட்டு, நின்று பார்த்துவிட்டு, அப்புறம் ஏறுகிறவர் கண்ணுக்குக் குதிரை நன்றாகத்தான் நடக்கும். கை கொஞ்சம் இலகுவாகும், லகானைக் கொஞ்சம் தளர்த்துவார், அதிலேயே குதிரைக்குப் பாதி நிம்மதி. போதாக்குறைக்கு ஊசி போட்டபின் இரண்டு நாள் ஓய்வு கொடுப்பார்கள். ஓய்வு குணப்படுத்தியதா, ஊசி குணப்படுத்தியதா?

இப்போது சேணத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையோடு ஒரு படம் போட்டிருந்தீர்கள், கறுப்புக் குதிரை, முதுகில் வரிசையாக ஊசிகள். அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஊசிகளை விட்டுவிடுங்கள். பிடரி முடிகிற மேட்டுக்குக் கொஞ்சம் பின்னால், இடது பக்கம், ஒரு கையளவுக்கு வெள்ளை முடி இருக்கிறது. கறுப்புத் தோலில் அப்படித் திட்டாக வெள்ளை முளைத்திருந்தால், அந்த இடத்தில் எப்போதோ எதுவோ அழுத்தி மயிர்க்கால் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், சேணம் உட்காருகிற இடத்தில் இருந்தால் பெரும்பாலும் சேணம்தான். பழைய தழும்பாக இருக்கலாம், இப்போது வேறு சேணம் போடுகிறார்களாகக்கூட இருக்கலாம். ஆனால் கட்டுரை எழுதியவர் கேட்டிருக்க வேண்டாமா? அந்தக் குதிரையின் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்காமல் அதன் மேல் ஊசி குத்தியிருக்கிறதைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியவுடன் முதுகைப் பாருங்கள், துடைப்பதற்கு முன்னால். வேர்வை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருந்தால் நல்லது. சுற்றி எல்லாம் ஈரமாக இருந்து நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மட்டும் காய்ந்து கிடந்தால், அங்கே வேர்வைகூட வர முடியாத அளவுக்கு அழுத்தம் இருந்திருக்கலாம். அதே இடத்தில் முடி தேய்ந்து எதிர்ப்பக்கமாகப் படுத்திருக்கும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தசை குழி விழுந்திருக்கிறதா பாருங்கள், அது ரொம்ப நாள் கதை. ஆள் ஏறியபின் சேணத்தின் முன்வளைவுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் விரல்கள் போக வேண்டும், நடுவில் உள்ள பள்ளம் பின்னால் வரை வெளிச்சம் தெரிய ஓட வேண்டும். கடைசி விலா எலும்பைத் தாண்டிச் சேணம் பின்னால் போகக் கூடாது. குதிரை உடம்பு வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது, தீனி கூடினால் பருக்கும், வேலை கூடினால் இறுகும், ஓய்வில் தசை வற்றும், போன வருடம் பொருந்திய சேணம் இந்த வருடம் கடிக்கும். ஒரே சேணத்தை லாயத்தில் இருக்கிற எல்லாக் குதிரைக்கும் மாற்றி மாற்றிப் போடுகிற இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சேணம் மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. முதுகுவலி என்று வருகிற குதிரைக்குப் பின்காலின் ஹாக் மூட்டில் தேய்மானம் இருக்கும், அந்தக் காலைக் காப்பாற்ற முதுகை இறுக்கிக்கொண்டு நடந்திருக்கும். குளம்பு முன்னால் நீண்டு குதிகால் தாழ்ந்து போயிருக்கும், லாடம் அடிக்கிறவரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் ஊசிக்காரரைக் கூப்பிட்டிருப்பார்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்ந்து கன்னத்தைக் கிழிக்கும், அதனால் கடிவாளத்தை எதிர்த்துத் தலையைத் தூக்கும், தலையைத் தூக்கினால் முதுகு குழியும். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது கடிக்க வருகிற குதிரைக்கு இரைப்பைப் புண் இருக்கலாம். இன்னொரு காரணம் சவாரிக்காரர்தான், உடம்பின் எடையை எல்லாம் ஒரு பக்க அங்கவடியில் போட்டுக் கோணலாக உட்காருகிறவர் எத்தனை பேர் என்று நான் தினமும் பார்க்கிறேன். செருப்புக்குள் கல் கிடக்கும்போது காலுக்கு ஒத்தடம் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

வலியை மறைப்பதில் உள்ள ஆபத்து ஊசிக்கு மட்டும் உரியதும் இல்லை. பினைல்பியூட்டசோனை நாள்கணக்கில் கொடுத்துச் சவாரி செய்கிறவர்கள் உண்டு, அது இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், அந்த விதத்தில் ஊசி எவ்வளவோ மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் ஊசி மருந்தைவிட வசதியானது, அதைத்தான் யாரும் வெளியே பேசுவதில்லை. போட்டிகளில் வலி மருந்துக்குக் கட்டுப்பாடு உண்டு, ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்ப்பார்கள், ஊசி அதில் மாட்டாது. 'இயற்கையான முறை' என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு, நொண்டுகிற குதிரையைப் போட்டிக்கு முந்தின நாள் ஊசியில் நிறுத்துகிறவருக்கு இயற்கை மேல் அக்கறை இருக்கும் என்று நான் நம்பவில்லை. உள்ளே தசைநாரில் கிழிசல் இருந்து, ஊசியால் வலி மட்டும் மங்கி, அந்தக் காலோடு தடை தாண்டவிட்டால் என்ன ஆகும் என்று குதிரையோடு பழகிய யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

யார் குத்துவது என்பதிலும் உங்கள் கட்டுரை தாராளமாக இருந்தது, சில வாரப் பயிற்சி எடுத்தால் போதும் என்கிற மாதிரி. பிரிட்டனில் 1966-ம் வருடச் சட்டப்படி விலங்குக்கு அக்குபஞ்சர் செய்வது கால்நடை மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். அந்தக் கட்டுப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. ஊசி குத்தக் கற்றுக்கொள்வது கஷ்டம் இல்லை. எப்போது குத்தக் கூடாது என்று தெரிவதுதான் கஷ்டம். ஒரு காலைத் திடீரென்று ஊன்றவே முடியாமல் நிற்கிற குதிரை, குளம்பு சூடாகிக் காலின் கீழ் நாடி தடதடவென்று அடிக்கிற குதிரை, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் புரளுகிற குதிரை, காய்ச்சல் உள்ள குதிரை, இவற்றுக்கு ஊசிக்காரரைக் கூப்பிட்டுக் காத்திருக்கிற நேரம் உயிருக்கே உலை வைக்கலாம். சினையாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புண் உள்ள இடத்திலும் சேறு காய்ந்த தோலிலும் குத்தக் கூடாது. ஒருமுறை போட்ட ஊசியை மறுபடி எடுக்கக் கூடாது. குத்தும்போது எத்தனை என்று எண்ணி, எடுக்கும்போதும் எண்ண வேண்டும், குதிரை உதறியதில் ஒன்று வைக்கோலில் விழுந்து கிடந்தால் அது பாதத்திலோ வாயிலோ போய் நிற்கும். சின்ன விஷயம்தான், ஆனால் நான் பார்த்த ஒரு லாயத்தில் எண்ணுகிற பழக்கமே இல்லை.

இவ்வளவும் பார்த்தபின், காரணம் தெரிந்து அதைச் சரிசெய்தபின், இன்னும் முதுகு இறுக்கமாக இருக்கிறது, மருத்துவரும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் கண்ணை நம்பாதீர்கள். போடுவதற்கு முன் குதிரையை ஒரே தரையில், ஒரே வேகத்தில், ஆள் ஏறாமலும் ஏறியும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டபின் அதே மாதிரி எடுங்கள். எது முன்னால், எது பின்னால் என்று சொல்லாமல் இன்னொருவரிடம் காட்டி, அந்த 24 நடத்தைகளில் எத்தனை தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மேலே சொன்ன அந்த 15 குதிரை ஆய்விலேயே மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் மாற்றம் தெரிந்தது, அதனால் முதல் தடவையே ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிடவும் வேண்டாம், நாலைந்து தடவை போட்டும் எண்ணிக்கை அப்படியே இருந்தால் இன்னும் போட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம், மருத்துவரிடம் நொண்டலுக்கான முழுப் பரிசோதனையைக் கேளுங்கள். காலில் பகுதி பகுதியாக மரத்துப்போகும் ஊசி போட்டு, எந்த இடம் மரத்தபோது நொண்டல் நிற்கிறது என்று பார்த்து வலியின் இடத்தைப் பிடிக்க அவர்களுக்குத் தெரியும். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் ஏற வேண்டாம், கையில் பிடித்து நடக்கவிடுங்கள், இல்லையென்றால் அவிழ்த்துவிடுங்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இந்த வரிசையில் அடுத்த கட்டுரை வருமானால், அதை எழுதுகிறவரை ஒரு சேணம் பொருத்துகிறவரிடமும் ஒரு லாடக்காரரிடமும் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். போன கட்டுரையில் பேசியவர்கள் எல்லோரும் ஊசி போடுகிறவர்கள்தான். படத்தில் இருந்த கறுப்புக் குதிரைக்கு இப்போது என்ன சேணம் போடுகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதினால் நல்லது, எனக்கு அது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
குதிரைச் சவாரி கற்றுத்தரும் ஒரு வாசகர்